நீலம் விளைவித்த பெண்: எலைசா லூகஸ் பிங்க்னி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தவறாமல் ஒரு வேலை நடக்கும். என் வெள்ளைச் சீருடையையும் தலையை மூடும் வெள்ளைத் துணியையும் துவைத்து அலசிய பிறகு உம்மா ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் நீலம் கரைப்பார். அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்தால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். அளவு கூடிவிட்டால் துணி திட்டுத் திட்டாக நீலம் பிடித்துவிடும்.

இன்று நாம் கடையில் வாங்கும் நீலம் தொழிற்சாலையில் செய்யப்படுவது. ஆனால் முந்திய நூற்றாண்டுகளில் துணிக்கு நீலச் சாயம் தந்தது ஒரு செடியின் இலை. தமிழில் அந்தச் செடியை அவுரி என்பர். இந்தியாவிலிருந்து வந்த பொருள் என்பதால் கிரேக்கர் அதற்கு இட்ட பெயரே மாறி மாறி, ஐரோப்பிய மொழிகளில் இண்டிகோ என்று நிலைத்தது.

கோப்பியும் தேயிலையும் நம் நாட்டின் மலைகளையும் மக்களையும் எவ்வாறு மாற்றின என்பதை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அவ்வாறே இந்த நீலச்செடி வட அமெரிக்காவில் பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த தென் கரோலினாவை மாற்றியது. அங்கு அதை வேரூன்றச் செய்ததில் பெரும் பங்கு ஒரு பெண்ணுக்கு உரியது. அந்த முயற்சியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 17. இதை எழுதும் எனக்கும் அதே வயதுதான். அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தூண்டியது அதுவே.

பிறப்பும் கல்வியும்

எலைசா லூகஸ் 1722 டிசம்பர் 28ஆம் திகதி மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான அன்டிகுவாவில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் லூகஸ் பிரித்தானியப் படையின் அதிகாரி. கரும்புத் தோட்ட உரிமையாளரும்கூட. அக்காலத்தில் வசதி படைத்த குடியேற்றவாசிகள் ஆண்பிள்ளைகளையே இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புவார்கள். ஜோர்ஜ் லூகஸ் தம் மூத்த மகளையும் அனுப்பினார். பிரெஞ்சு மொழியும் இசையும் தையலும் கற்ற எலைசாவின் மனம் தாவரவியலிலேயே அதிகம் ஈடுபட்டது.

1738ஆம் ஆண்டு குடும்பம் தென் கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தது. சார்ல்ஸ்டன் துறைமுக நகரிலிருந்து படகில் 6 மைலும் தரைவழியில் 17 மைலும் தொலைவில் இருந்த வாப்பூ தோட்டத்தில் அவர்கள் குடியேறினார்கள். 600 ஏக்கர் கொண்ட அத்தோட்டத்தைத் தவிர, 1500 ஏக்கரிலும் 3000 ஏக்கரிலும் வேறு இரண்டு தோட்டங்கள் தூரத்து ஆற்றங்கரைகளில் அவர்களுக்கு இருந்தன.

அடுத்த ஆண்டே இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. படை அதிகாரியான தந்தை அன்டிகுவாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தாய் நோயாளி. சகோதரர் இருவரும் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை பொலியோ சிறுமி. மூன்று தோட்டங்களின் பொறுப்பும் 16 வயது எலைசாவின் தலையில் விழுந்தது. வாப்பா வெளிநாட்டில் இருக்க, வீட்டுக் கணக்கும் தம்பி தங்கையரின் படிப்பும் மூத்த மகளின் கைக்கு வருவது நம் ஊர்களில் பலரும் அறிந்த கதைதான். ஆனால் எலைசாவின் கைக்கு வந்தது வீட்டுக் கணக்கு மட்டுமன்று. தந்தை தோட்டத்தை ஈடு வைத்துக் கடன் பட்டிருந்தார். அந்தக் கடனும் சேர்ந்தே வந்தது.

ஒரு நாளின் ஒழுங்கு

எலைசா தாம் எழுதிய கடிதங்களின் பிரதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பேடு இன்றும் இருப்பதால் அவருடைய அன்றாட வாழ்வை நாம் அறிய முடிகிறது.

காலை 5 மணிக்கு எழுந்து 7 மணிவரை வாசிப்பார். பிறகு தோட்டத்தைச் சுற்றிவந்து வேலைகளைப் பார்ப்பார். காலை உணவுக்குப் பின் இசைப் பயிற்சி. அதன்பின் பிரெஞ்சு மொழியும் சுருக்கெழுத்தும் மறந்து போகாதிருக்க மீட்டல். அடுத்துத் தங்கைக்குப் பாடம். பொழுது சாயும்வரை தையல். இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் மீண்டும் வாசிப்பும் எழுத்தும். மற்ற இரண்டு தோட்டங்களின் கண்காணிகளுக்கும் அன்டிகுவாவிலுள்ள தந்தைக்கும் கடிதம் எழுதுவதற்கென வாரத்தில் தனி நேரம் ஒதுக்கியிருந்தார். சட்டப் புத்தகம் ஒன்றைத் தாமே படித்து, சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க வசதியில்லாத அயலவருக்கு மரண சாசனம் எழுதிக் கொடுத்ததும் உண்டு.

தந்தை இரு வரன்களைப் பற்றி எழுதியபோது, அவர்களை மணக்கத் தமக்கு விருப்பமில்லை என்று மரியாதையோடும் உறுதியோடும் மறுத்து எழுதினார். பெற்றோரின் சொல்லே முடிவாக இருந்த காலத்தில் மகள் மறுத்ததும் தந்தை ஏற்றுக்கொண்டதும் கவனிக்கத்தக்கவை.

நீலம் தேடிய ஆண்டுகள்

தென் கரோலினா அப்போது நெல்லை நம்பியே வாழ்ந்தது. சதுப்பு நிலங்களில் விளைந்த அரிசி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. ஒரே பயிரை நம்பியிருப்பவர்களுக்கு ஒரே அடியில் எல்லாம் சரிந்துவிடும். போர் வந்ததும் கடல்வழி ஆபத்தாயிற்று. கப்பல் கூலியும் காப்புறுதிக் கட்டணமும் ஏறின. அரிசி பாரமான பொருள், விலையோ குறைவு. 1740களில் அரிசி வணிகம் விழுந்தது.

எலைசா மாற்றுப் பயிரொன்றைத் தேடினார். தந்தை மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அனுப்பிய விதைகளை நட்டுப் பார்த்தார். இஞ்சி, பருத்தி, குதிரைமசால் என்று பலவற்றைப் பரீட்சித்தார். அத்திப்பழத்தைக் காயவைத்து ஏற்றுமதி செய்யக் கணக்குப் போட்டார். பிற்காலத்தில் கப்பல் கட்ட உதவும் என்று ஓக் மரக்கன்றுகளை நட்டார். இவை எல்லாவற்றிலும் அவர் அதிக நம்பிக்கை வைத்தது நீலச்செடியில். பிரித்தானிய நெசவாலைகளுக்கு நீலச்சாயம் ஏராளமாகத் தேவைப்பட்டது. அதில் பெரும்பகுதியை எதிரி நாடான பிரான்சின் தீவுகளிலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. நீலமோ பாரம் குறைந்தது, விலை கூடியது. ஒரு பெட்டி நீலம் பல மூடை அரிசிக்குச் சமன்.

கரோலினாவின் முதல் குடியேற்றவாசிகளும் நீலம் பயிரிட்டுப் பார்த்து, நெல் வந்ததும் அதைக் கைவிட்டவர்கள்தாம். எலைசாவின் முதல் விளைச்சலும் 1740இல் முற்றுமுன்பே உறைபனியில் கருகியது. மறு ஆண்டும் மிகச் சில செடிகளே தப்பின. விதையை எந்த மாதத்தில் இட வேண்டும், எந்த மண் பொருந்தும் என்பதைத் தோற்றுத் தோற்றே கற்றார். அயல் தோட்டக்காரர் ஆண்ட்ரூ டெவோ தம் அனுபவத்தைச் சொல்லி உதவினார்.

செடி வளர்ந்தால் மட்டும் போதாது, இலையிலிருந்து சாயத்தை எடுக்கவும் தெரிய வேண்டும். பூக்கும் பருவத்தில் செடியை வெட்டி முதல் தொட்டியில் நீரில் ஊறவைப்பார்கள். அது புளித்து நுரைக்கும். சரியான வேளை பார்த்து நீரை இரண்டாவது தொட்டிக்கு இறக்கி, துடுப்புகளால் நெடுநேரம் அடிப்பார்கள். மஞ்சள் கலந்த பச்சை நீர் காற்றுப் பட்டு நீலமாக மாறும். சுண்ணாம்பு நீர் சேர்த்தால் நீலம் அடியில் படியும். அந்தச் சேற்றைத் துணிப்பைகளில் தொங்கவிட்டு வடித்து, கட்டிகளாக வெட்டி நிழலில் காயவைப்பார்கள். ஊறும் வேளை கொஞ்சம் தப்பினாலும் சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும் அத்தனை உழைப்பும் வீண்.

இந்தத் தொழில் தெரிந்த நிக்கலஸ் குரொம்வெல் என்பவரைத் தந்தை மொன்செராட் தீவிலிருந்து அனுப்பினார். கரோலினாவில் நீலம் விளைந்தால் தம் தீவின் வணிகம் கெட்டுவிடும் என்று அஞ்சிய அவர், சுண்ணாம்பை அளவுக்கு மிஞ்சிப் போட்டுச் சாயத்தைக் கெடுத்தார். எலைசா அதைக் கண்டுபிடித்து அவரை விலக்கினார். பின்னர் பிரெஞ்சுத் தீவு ஒன்றிலிருந்து, நீலம் எடுப்பதில் தேர்ந்த ஒரு கறுப்பின மனிதரைத் தந்தை அனுப்பி வைத்தார்.

1744இல் நல்ல விளைச்சல் கிடைத்தது. 17 இறாத்தல் நீலம் செய்யப்பட்டு, அதில் 6 இறாத்தல் இலண்டனுக்குச் சென்றது. தரம் நன்று என்று அங்கிருந்து பதில் வந்தது. எலைசா விதைகளைத் தமக்கென்று பூட்டி வைக்காமல் அயலவர் பலருக்கும் பகிர்ந்து கொடுத்தார். மாகாணம் முழுவதும் நீலம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

செடி மாற்றிய மாகாணம்

நெல்லுக்குச் சதுப்பு நிலம் வேண்டும். நீலத்துக்கு மேட்டுநிலம் போதும். இரண்டின் வேலைக் காலங்களும் பெரிதும் மோதிக்கொள்ளாதவை. எனவே சும்மா கிடந்த மேட்டுநிலங்களுக்கும் விலை வந்தது. 1740களின் நடுப்பகுதியில் 5,000 இறாத்தல் அளவில் இருந்த ஏற்றுமதி, இரண்டே ஆண்டுகளில் 1,30,000 இறாத்தலைத் தாண்டியது. 1748இல் பிரித்தானியப் பாராளுமன்றம் குடியேற்றங்களில் விளையும் நீலத்துக்கு இறாத்தலுக்கு 6 பென்ஸ் உதவுதொகை வழங்கச் சட்டம் இயற்றியது. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குச் சற்று முன்னர் ஏற்றுமதி ஆண்டுக்குப் 10 இலட்சம் இறாத்தலை மீறியது. மாகாணத்தின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீலத்தாலேயே வந்தது.

அந்தப் பணத்தால் சார்ல்ஸ்டனில் மாளிகைகள் எழுந்தன. தோட்டக்காரரின் மகன்மார் இங்கிலாந்தில் சட்டம் படித்தார்கள். ஜோர்ஜ்டவுன் நகரத்து நீலத் தோட்டக்காரர்கள் வின்யா இண்டிகோ சங்கத்தை அமைத்தார்கள். 1757இல் பட்டயம் பெற்ற அச்சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கென இலவசப் பாடசாலை ஒன்றை நடத்தியது. ஆனால் நீலத்தை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பாடசாலையில் இடமில்லை.

தொட்டியடியில் நின்றவர்கள்

எலைசாவின் கதையை இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் இலகுவாக இருந்திருக்கும். ஆனால் அழுகிய இலை நாறும் தொட்டிகளின் அருகே ஈக்களின் நடுவில் நின்று துடுப்படித்தவர் எலைசா அல்லர். அந்த வேலையைச் செய்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளுமே. வாப்பூவில் மட்டும் அவ்வாறு சுமார் 20 பேர் இருந்தார்கள். தென் கரோலினாவில் 1708அளவிலேயே வெள்ளையரைவிடக் கறுப்பின மக்கள் அதிகமாகிவிட்டனர்.

மேற்கு ஆபிரிக்காவின் பல இனத்தவர் தலைமுறை தலைமுறையாக நீலம் எடுத்துத் துணி தோய்த்தவர்கள். அவர்களிடமிருந்த அறிவும் கரோலினாவின் தொட்டிகளில் கரைந்தது. தொட்டிகளைக் கட்டிய தச்சர்களில் ஒருவர் பெயர் குவாஷ். ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த சென் ஒகஸ்டினுக்குத் தப்பியோடத் திட்டமிட்டவர்களில் ஒருவர் என்று அவர்மீது வழக்கு வந்தபோது, எலைசாவும் நீதிமன்றத்துக்குச் சென்றார். குவாஷ் தாம் குற்றமற்றவர் என்று நிரூபித்தார். பிற்காலத்தில் அவர் விடுதலையும் பெற்றார். மற்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

1739 செப்டெம்பரில் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் விடுதலை தேடிக் கிளர்ந்தெழுந்தனர். வாப்பூ ஓடை சென்று சேர்வதும் அதே ஆற்றில்தான். கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த சட்டம், அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அடிமை இறக்குமதிக்குக் கடும் வரி போட்டுச் சில ஆண்டுகள் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் நீலம் பெருகிய 1750களில் அடிமைக் கப்பல்கள் மீண்டும் நிறைந்து வந்தன. விலை கூடிய ஒரு பயிர் இன்னும் எத்தனையோ ஆயிரம் பேரைத் தாய்மண்ணிலிருந்து பிடுங்கி எறியக் காரணமாயிற்று.

அந்தக் கப்பல்களில் வந்தவர்களுள் முஸ்லிம்களும் இருந்தார்கள். எலைசா இறந்து 14 ஆண்டுகளுக்குப் பின், 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கி விற்கப்பட்டவர் உமர் இப்னு ஸயீத். மேற்கு ஆபிரிக்காவில் 25 ஆண்டுகள் கல்வி கற்றவர் அவர். 1831இல் தம் வாழ்க்கை வரலாற்றை அறபு மொழியில் எழுதினார். எழுதக்கூடாது என்று சட்டம் தடுத்த மக்களிடையே, எழுத்தறிவோடு வந்தவர்களும் இருந்தனர் என்பதற்கு அவர் சான்று.

எலைசாவின் அன்றாட ஒழுங்கைச் சொன்னபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். தங்கை பொலியோடு இரண்டு கறுப்பினச் சிறுமியருக்கும் அவர் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் அவ்விருவரும் மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளாக வேண்டும் என்பது அவருடைய திட்டம். சட்டம் தடுத்தது எழுத்தைத்தான், வாசிப்பை அன்று. அந்தக் காலத்தில் அதையாவது எண்ணியவர்கள் குறைவு. ஆனால் அச்சிறுமியரை வைத்திருந்தவரும் எலைசாவின் குடும்பம்தான். தோட்டத்து நாள்களைப் பற்றி இத்தனை எழுதிய அவர், அந்த இருவரைப் பற்றி எழுதிய இடத்தில் அவர்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

பிற்கால வாழ்க்கை

1744 மே மாதத்தில் எலைசா, மனைவியை இழந்திருந்த சட்டத்தரணி சார்ல்ஸ் பிங்க்னியை மணந்தார். தம்மைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவரானாலும், இது அவர் விரும்பி ஏற்ற மணம். நான்கு பிள்ளைகள் பிறந்தனர். ஒரு மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை ஜோர்ஜ் லூகஸ் கடலில் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டு 1747இல் மறைந்தார்.

1753இல் குடும்பம் இலண்டன் சென்றது. ஐந்து ஆண்டுகளின் பின் மகன்மார் இருவரையும் அங்கே பாடசாலையில் விட்டுவிட்டுக் கணவன், மனைவி, மகள் மூவரும் திரும்பினார்கள். வந்த சில வாரங்களிலேயே கணவர் மலேரியாவுக்குப் பலியானார். 35 வயதில் விதவையான எலைசா, கவனிப்பாரின்றிக் கிடந்த தோட்டங்களின் பொறுப்பை மீண்டும் ஏற்றார். 16 வயதில் பழகிய வேலை அப்போது கைகொடுத்தது.

மூத்த மகன் சார்ல்ஸ் கோட்ஸ்வர்த் 1787இல் ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பில் ஒப்பமிட்டவர்களில் ஒருவர். இளையவர் தோமஸ் தென் கரோலினாவின் ஆளுநராகவும், 1795இல் ஸ்பெயினுடன் உடன்படிக்கை செய்த தூதுவராகவும் விளங்கினார். சுதந்திரப் போரில் பிரித்தானியப் படைகளால் எலைசா சொத்துகளை இழந்தார். முதுமையில் மகள் ஹரியட்டின் வீட்டில் வாழ்ந்தார். 1791இல் ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன் அவ்வீட்டுக்கு வந்து சென்றார். புற்றுநோய்க்கு வைத்தியம் தேடிப் பிலடெல்பியா சென்ற எலைசா 1793 மே 26ஆம் திகதி அங்கேயே காலமானார். அவரது உடலைச் சுமந்து சென்றவர்களுள் வொஷிங்டனும் ஒருவர்.

செடி சென்ற வழி

எலைசாவின் காலத்தோடு கரோலினாவின் நீலமும் முடிந்தது. சுதந்திரம் பெற்றபின் பிரித்தானிய உதவுதொகை நின்றது. ஆங்கிலேயர் வங்காளத்தில் நீலம் விளைவிக்கத் தொடங்கினர். கரோலினாவில் அந்த இடத்துக்குப் பருத்தி வந்தது. அடிமை முறை மட்டும் மாறாமல் தொடர்ந்தது. வங்காளத்தில் நீலம் பயிரிடும்படி நெருக்கப்பட்ட குடியானவர்கள் 1859இல் கிளர்ந்தெழுந்தனர். 1917இல் மகாத்மா காந்தி பீகாரின் சம்பாரணுக்குச் சென்றதும் நீலப் பயிர்ச்செய்கையாளரின் துயரைத் தீர்ப்பதற்காகவே. நிலமும் ஆட்சியும் மாறினாலும், துடுப்படித்தவன் கையில் எஞ்சியது நீலக்கறை மட்டுமே.

எலைசாவை நான் மதிக்கிறேன். தோல்வியைக் கண்டு அவர் ஒதுங்கவில்லை. பெண் என்பதால் தமக்கு எட்டாது என்று எந்த அறிவையும் தள்ளி வைக்கவில்லை. அந்த விடாமுயற்சி பரீட்சைக்குத் தயாராகும் நமக்கு வேண்டும். ஆனால் கெட்டிக்காரத்தனம் மட்டும் ஒருவரை நீதியின் பக்கம் சேர்த்துவிடாது என்பதையும் அவர் வாழ்விலிருந்தே கற்றேன். சட்டப் புத்தகத்தைத் தாமே படித்து ஏழை அயலவரின் உரிமைக்கு எழுதிக் கொடுத்த கைக்கு, தம் தொட்டியடியில் நின்றவர்களுக்கும் உரிமை உண்டு என்று எழுதத் தோன்றவில்லை. நாம் படிக்கும் படிப்பு யாருடைய தோளில் நின்று, யாருக்குப் பயன்படப் போகிறது என்ற கேள்வி எந்தக் காலத்து மாணவிக்கும் உரியதுதான்.

வாளியில் உம்மா நீலம் கரைக்கும்போது இப்போது எனக்கு எலைசாவின் நினைவு வருகிறது. கூடவே, அவரிடம் வாசிக்கக் கற்ற அந்த இரண்டு சிறுமியரின் நினைவும் வருகிறது. அவர்கள் ஆசிரியைகள் ஆனார்களா?

- உயர்தர கலைப்பிரிவு மாணவி